கட்டடம் ஹஜ்ஜுக்குப் போவதில்லை

பிளாக்டவுன்
12 மார்ச் 2012

அன்புள்ள ஹசன் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் மகள் ஃபாஹிமாவும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி என்று ரம்லா மதினியிடம் கேட்டால் "அவரிட்டயே கேளுங்க" என்கிறார். உங்களிடம் கேட்டால் "காலுக்கு என்ன" என்கிறீர்கள். இந்தத் தடவையாவது ஒழுங்காக எழுதுங்கள்.

போனில் பேசியிருக்கலாம். ஆனால் அங்கே மெல்பர்னில் வாப்பா விட்டுப்போன கட்டடத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மூன்றாவது நிமிடத்தில் நம் இருவரில் ஒருவர் போனை வைத்துவிடுகிறோம். போன மாதம் வைத்தது நான்தான். அதனால் எழுதுகிறேன்.

மேல்மாடியில் ட்யூஷன் நடத்தும் சேஷாத்ரி என்னைக் கூப்பிட்டார். ஜூன் முடிவில் ஒப்பந்தம் முடிந்ததும் போய்விடுவாராம். "மேடம், வெயில் காலத்துல ஃபேன் போட்டா சூடு காத்துதான் சுத்துது. ஜூலைக் குளிர்ல பசங்க கோட்டோட உக்காந்து கணக்கு போடறாங்க. போன வாரம் ஒரு அம்மா கேட்டாங்க, 'சார், இங்க பசங்கள படிக்க வைக்கறீங்களா, ஊறுகா போடறீங்களா'ன்னு. நான் என்ன பதில் சொல்ல?" என்றார். உங்களிடம் மூன்று வருடமாகச் சொல்கிறேன், அந்த யன்னல்களில் காற்று நுழைகிறது, கூரைக்குள் சூடு குளிர் தடுக்கும் பஞ்சு ஒன்றும் இல்லை, ஹீட்டர் வாப்பா கட்டடத்தை வாங்கியபோதே கிழடாக இருந்தது.

வாப்பா பிரித்துத் தந்தபடி கீழே உங்கள் கடை, மேலே என் வாடகை. என் கணவர் நஸ்மி மௌத்தாகி, அவரை அடக்கி நான்கு வருடம் ஆகிறது. பள்ளி நூலகத்தில் எனக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. மேல்மாடி வாடகையில்தான் நாங்கள் இங்கே வாடகை கொடுக்கிறோம். அது நின்றால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை.

நகரக் கவுன்சில் அனுப்பிய ஒரு துண்டுப் பிரசுரத்தை நீங்கள் எனக்கு அனுப்பிய மற்றக் கடதாசிகளோடு கண்டேன். நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். பழைய வணிகக் கட்டடங்களைச் சூடு குளிர் தாங்குமாறு திருத்துவதற்கு ஒரு வழி தருகிறார்கள். வேலைக்கான பணத்தை வங்கி கொடுக்கும். கவுன்சில் அதைத் தவணை தவணையாகக் கட்டட வரியான ரேட்ஸ் பில்லோடு சேர்த்து வசூலித்து வங்கிக்குக் கொடுக்கும். பத்து வருடம். நம் கையிலிருந்து முன்பணம் எதுவும் இல்லை. இரட்டைக் கண்ணாடி யன்னல், கூரைப் பஞ்சு, புது ஹீட்டர், உங்கள் இறைச்சிக் குளிர் அறைக்குப் புது மோட்டார், எல்லாம் செய்யலாம்.

கட்டடத்தின் உறுதிப்பத்திரத்தில் இருவர் பெயரும் இருப்பதால் இரண்டு கையெழுத்தும் வேண்டும். யோசித்து எழுதுங்கள். போன் வேண்டாம்.

தங்கச்சி,
ரினோசா


நோபல் பார்க்
2 ஏப்ரல் 2012

ரினோசாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். முழங்கால் மடங்குகிறது, நிமிர்கிறது. தொழுகையில் கதிரை போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். போதுமா?

துண்டுப் பிரசுரத்தை நான் படித்தேன். படித்துவிட்டுத்தான் உனக்கு அனுப்பினேன், நீ என்ன சொல்கிறாய் என்று பார்க்க.

மேல்மாடி குளிர் எனக்குத் தெரியாததல்ல. மேலே பிள்ளைகள் காலைத் தட்டிச் சூடேற்றுவது கீழே கடைக்குக் கேட்கிறது. செய்யத்தான் வேண்டும். ஆனால் கவுன்சில் எனக்கு இதுவரை குப்பைத் தொட்டிதான் தந்திருக்கிறது, கடன் தந்ததில்லை. வங்கி சும்மா கொடுக்குமா?

உனக்குத் தெரியும், நானும் ரம்லாவும் அடுத்த வருட ஹஜ்ஜுக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். எட்டு வருடமாகச் சேர்த்தது. எனக்கு அறுபது ஆகிறது, இந்தக் காலோடு இன்னும் தள்ளிப்போட முடியாது. மார்க்கம் தடுத்த வட்டிக் கடன் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு நான் அந்த இடத்துக்குப் போக மாட்டேன். வாப்பாவும் வட்டி கொடுத்ததில்லை, நானும் கொடுத்ததில்லை. கடையின் முதல் ஃபிரிட்ஜையே நண்பர் ஜெயரட்ணம் வட்டியில்லாமல் கைமாற்றாகத் தந்த காசில்தான் வாங்கினேன்.

ஆகவே ஒன்றைத்தான் கேட்கிறேன். அந்த ஒப்பந்தத்தை நீ முழுக்கப் படி. எனக்கு அந்த இங்கிலீஷ் விளங்காது. மகன் அஹ்மதிடம் கேட்டால் "இட்ஸ் ஃபைன், டாட்" என்பான். இதில் வட்டி இருக்கிறதா, இல்லையா? அதைச் சொல். மற்றதெல்லாம் எனக்குச் சம்மதம்.

ரம்லா உன் மகளுக்குச் சலாம் சொன்னாள்.

ஹசன்


பிளாக்டவுன்
16 ஏப்ரல் 2012

அன்புள்ள நானாவுக்கு,

அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தரட்டும். எங்களுக்குக் குறையில்லை, ஃபாஹிமாவுக்குக் கொஞ்சம் தடிமன், மூக்கு ஒழுகுகிறது.

ஒப்பந்தத்தை முழுக்கப் படித்தேன். முப்பத்தெட்டுப் பக்கம். இரண்டு வார இறுதிகள் போயின. உங்களுக்காகத் தமிழில் சுருக்கி இரண்டு தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

முக்கியமானது இதுதான். இது ஆள் மேல் ஏறும் கடன் அல்ல. கட்டடத்தின் மேல் ஏறும் கவுன்சில் கட்டணம். நாளைக்கு நாம் கட்டடத்தை விற்றால் மீதித் தவணை வாங்குபவரோடு போய்விடும், நம்மோடு வராது. ஆகவே கடனாளி நீங்களல்ல, கட்டடம்தான். கட்டடம் ஹஜ்ஜுக்குப் போகவில்லையே.

நீங்கள் கேட்ட கேள்விக்கு: கவுன்சில் கேட்பது கட்டணம். ரேட்ஸ் பில்லில் ஒரு வரியாக வரும். நீங்கள் இருபது வருடமாக ரேட்ஸ் கட்டுகிறீர்கள். அதைப்போல இதையும் கட்டினால் போதும்.

மஞ்சள் ஒட்டுக் கடதாசி இருக்கும் இடங்களில் கையெழுத்துப் போடுங்கள். ஏழு இடம். தயவுசெய்து எட்டாவது இடத்தில் போட வேண்டாம், போன தடவை உங்கள் காப்புறுதிப் படிவத்தில் சாட்சியின் இடத்திலும் நீங்களே போட்டிருந்தீர்கள்.

இந்தக் கையெழுத்து வேலை ஜூனுக்கு முன் முடிய வேண்டும். சேஷாத்ரியிடம் நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ரினோசா


நோபல் பார்க்
20 மே 2012

ரினோசாவுக்கு,

எல்லோரும் நலம்.

ஏழு இடத்திலும் போட்டேன். திரும்பி வந்தது. கவுன்சிலில் ப்ரீத்தி என்று ஒரு பிள்ளை இருக்கிறது, இந்தியாக்காரப் பிள்ளை, மரியாதையான பிள்ளை. "அங்கிள், லைசென்ஸ்ல இங்கிலீஷ் கையெழுத்து, இதுல தமிழ்க் கையெழுத்து. ரெண்டும் ஒண்ணா இருக்கணும்" என்கிறது. "ரெண்டும் என்ட கைதானே, பிள்ள" என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. மீண்டும் ஏழு இடம். பிறகு கவுன்சில் தாளைப் பார்த்த வங்கிக்காரர் மூன்றாம் பக்கத்தில் என் பெயரில் ஓர் எழுத்து குறைகிறது என்றார். மீண்டும் ஏழு இடம். என் வாழ்க்கையில் நிக்காஹ்வுக்குக்கூட இத்தனை கையெழுத்துப் போடவில்லை.

உன் சுருக்கத்தை மூன்று தரம் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். நீ சொன்னதால் போட்டேன்.

யன்னல்காரர் ஜூலையில் வருகிறார். நான் கடையை மூட மாட்டேன், அவர்கள் மேலே தட்டட்டும்.

ஹசன்


பிளாக்டவுன்
3 செப்டெம்பர் 2012

அன்புள்ள நானாவுக்கு,

பெருநாள் அன்று போனில் கேட்ட உங்கள் குரலில் சந்தோஷம் இருந்தது. அதை வைத்து முழங்காலும் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

சேஷாத்ரி படங்கள் அனுப்பினார். யன்னல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிள்ளைகள் கோட் இல்லாமல் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். "மேடம், தெருவுல டிராம் போறதே தெரியல. பசங்க தூங்கிடறாங்க, அதுதான் இப்போ புது பிரச்சினை" என்றார். ஐந்து வருடத்துக்குப் புது ஒப்பந்தம் போட்டுவிட்டார். எனக்கு எவ்வளவு பெரிய பாரம் இறங்கியது என்று உங்களுக்கு விளங்கும்.

உங்கள் குளிர் அறையின் கரண்ட் பில் குறைந்ததா? அதை மட்டும் நீங்கள் சொல்லவே இல்லை. குறைந்திருந்தால் சொல்ல மாட்டீர்கள், நான் சொன்னது சரியாகிவிடும் அல்லவா?

ஃபாஹிமா மாமாவுக்கு சலாம் எழுதச் சொன்னாள். அவளுடைய சலாம் "டெல் ஹிம் ஹாய்" என்பதுதான். நான் மொழிபெயர்த்திருக்கிறேன்.

ரினோசா


நோபல் பார்க்
9 டிசம்பர் 2012

ரினோசாவுக்கு,

ஸலாம். சுகம்.

கட்டணத்தின் முதல் பில் வந்தது. தவணை அட்டவணையும் வந்தது. கட்ட வேண்டியதைக் கட்டினேன்.

கரண்ட் பில் குறைந்திருக்கிறது.

ஹசன்


பிளாக்டவுன்
25 பெப்ரவரி 2013

அன்புள்ள நானாவுக்கு,

அங்கே எல்லோரும் நலமாக இருக்க துஆச் செய்கிறேன். துஆதான் செய்ய முடிகிறது, வேறு வழியில்லை. ஜனவரியில் இரண்டு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. போன் செய்தால் அஹ்மத் எடுத்து "டாட்ஸ் பிரேயிங்" என்கிறான். காலை பதினொரு மணிக்கு என்ன தொழுகை என்று கேட்டேன். பிள்ளை பாவம், வைத்துவிட்டான்.

நான் என்ன செய்தேன் என்று சொன்னால் திருத்திக்கொள்ளலாம். சொல்லாமல் இருந்தால் நான் எதைத் திருத்துவது? சேஷாத்ரியின் வாடகை ஒழுங்காக வருகிறது, அதில் ஏதும் பிரச்சினையா? அல்லது நான் மதினியின் தங்கை மகளின் கல்யாணத்துக்கு வராததா? நான் வேலையில் லீவு கேட்டுக் கிடைக்கவில்லை என்று அப்போதே சொன்னேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, கல்யாணத்துக்கு வராததற்காக நீங்கள் இப்படி இருக்க மாட்டீர்கள் என்று எனக்கே தெரிகிறது.

ஹஜ் ஏஜென்ட் எப்போது முழுப் பணம் கேட்கிறார்? அதையாவது எழுதுங்கள்.

ரினோசா


பிளாக்டவுன்
14 ஜூன் 2013

நானாவுக்கு,

ஸலாம். இன்று சுகம் விசாரித்துத் தொடங்க என்னால் முடியவில்லை.

கவுன்சிலிலிருந்து கடைசி நோட்டீஸ் வந்திருக்கிறது. வழக்கமாக எல்லாம் உங்கள் முகவரிக்குத்தான் போகும். இது சட்ட நடவடிக்கைக்கு முந்தியது என்பதால் இரண்டு உரிமையாளருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். நவம்பர், பெப்ரவரி, மே, மூன்று தவணையும் குறைவாகக் கட்டப்பட்டிருக்கிறது. குறைந்ததன் மேல் தண்டம் ஏறியிருக்கிறது. இது ரேட்ஸ் பாக்கி போன்றதே. கட்டாவிட்டால் கட்டடத்தை விற்றுக்கூட எடுத்துக்கொள்ளச் சட்டம் அவர்களுக்கு இடம் கொடுக்கிறது. அப்படி அதில் எழுதியிருக்கிறது, நான் பயமுறுத்தவில்லை.

முதலில் நினைத்தேன், கடையில் வியாபாரம் மந்தம், காசு இல்லை, சொல்ல வெட்கப்படுகிறீர்கள் என்று. நோட்டீஸோடு வந்த தவணை அட்டவணையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்று தவணையிலும் நீங்கள் கட்டியது முதல் நிரலில் இருக்கும் அசல். ஒரு சதம் கூடவில்லை, குறையவில்லை. கட்டாமல் விட்டது இரண்டாம் நிரல் முழுவதும். அது வட்டி.

நானா, உங்களுக்கு என்ன பிடிவாதம் இது? இறைச்சி வாங்க வருபவர் எலும்புக்குக் காசு தர மாட்டேன் என்று சொன்னால் நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா? ஏழு மாதம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஏதாவது செய்திருப்பேன். வாப்பா விட்டுப்போன ஒரே சொத்து. மேலே முப்பது பிள்ளைகள் படிக்கிறார்கள். நீங்கள் பில்லை நடுவில் கிழித்துப் பாதியைக் கட்டிக்கொண்டு பேசாமல் இருக்கிறீர்கள்.

வட்டி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை என்று நீங்கள் கோபப்படலாம். இல்லை என்றும் நான் எழுதவில்லை. என் கடிதத்தை எடுத்துப் பாருங்கள்.

இந்த வாரமே போய்க் கட்டுங்கள். அல்லது எனக்கு எழுதுங்கள்.

ரினோசா


நோபல் பார்க்
12 ஜூலை 2013

அன்புள்ள ரினோசாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு நன்றாகப் போகிறதா? இங்கே பகல் சின்னது, குளிர்தான் பெரிது. இது மதினி ரம்லா எழுதுவது. உன் நானா எழுத மாட்டார். உன் ஜூன் கடிதத்தை அவர் இரண்டு தரம் படித்து மடித்து குர்ஆன் வைக்கும் தட்டுக்குக் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறார். கிழிக்கவும் இல்லை, பதில் எழுதவும் இல்லை. எனக்கு இரண்டு பக்கத்தாலும் பொறுமை போய்விட்டது, ஆகவே நடந்ததைச் சொல்கிறேன்.

நவம்பரில் அட்டவணை வந்தபோது அவர் குசினியில் சாப்பாட்டு மேசையில் வைத்து அஹ்மதைக் கூப்பிட்டார். "இது என்னடா ரெண்டு கணக்கு?" என்றார். பிள்ளை பார்த்துவிட்டு, "ஒண்ணு பிரின்சிபல், மத்தது இன்ட்ரஸ்ட், டாட்" என்றான். "இன்ட்ரஸ்ட் எண்டா?" என்றார். அவருக்கு அந்த இங்கிலீஷ் தெரியாதா? தெரியும். பிள்ளை வேறு ஏதாவது சொல்வான் என்று பார்த்தார். பிறகு உன் தமிழ்ச் சுருக்கத்தை எடுத்து வந்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தேடினார். அரை மணித்தியாலம். நான் தேநீர் வைத்தேன், அதுவும் ஆறியது.

அடுத்த நாள் கவுன்சிலுக்குப் போனோம். ப்ரீத்தி என்ற பிள்ளைதான். "அங்கிள், ரெண்டும் சேர்ந்ததுதான் சார்ஜ். பாதி கட்ட முடியாது" என்றது.

"நான் பாதி கட்டல்ல, பிள்ள. எடுத்த காச முழுசாத் திருப்பிக் கட்டுறன். எடுக்காத காச என்னத்துக்குக் கட்ட?"

"ஆமா அங்கிள், புரியுது. ஆனா சிஸ்டம் ஒத்துக்காது."

"சிஸ்டத்தக் கூப்பிடுங்க. நான் பேசுறன்."

அந்தப் பிள்ளை சிரிப்பதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தது. நான் என்ன செய்ய? நிலத்தைப் பார்த்தேன்.

இப்படியே மூன்று தரம், முதல் நிரலை மட்டும் கட்டிவிட்டு வந்தார். போன மாதம் ஹஜ் ஏஜென்ட் மீதிப் பணம் கேட்டதும்தான் மௌலவியிடம் போனார். தான் செய்தது சரி என்று அவர் சொல்வார் என்றுதான் போனார். மௌலவி அட்டவணையையும் தண்டக் கடிதத்தையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஹசன் நானா, நீங்க கட்டாம விட்ட வட்டிக்கு இப்ப வட்டி ஏறுது. ஒண்டுல இருந்து ஓடப் போய் ரெண்டுக்குள்ள நிக்கிறீங்க. தவணைக் கடன் இருந்தா, ஒழுங்காக் கட்டிக்கிட்டு ஹஜ்ஜுக்குப் போகலாம். தவணை தவறின கடன வெச்சுக்கிட்டுப் போறது சரியில்ல. கையெழுத்துப் போட்டது நீங்க. போட்டதுக்கு அல்லாஹ்ட்ட மன்னிப்புக் கேட்டு தௌபாச் செய்ங்க, குடுத்த வாக்கக் காப்பாத்துங்க."

ஆகஸ்ட் முடிவுக்குள் பாக்கி கட்டாவிட்டால் எங்கள் பெயரை எடுத்துவிடும்படி ஏஜென்டிடம் அவரே சொல்லிவிட்டார். வைத்திருக்கும் காசு இரண்டுக்கும் போதும், அது பிரச்சினையில்லை. கை போகவில்லை, அவ்வளவுதான்.

அன்று மௌலவியிடமிருந்து திரும்பும்போது காரில் என்னிடம் ஒன்று சொன்னார். "வட்டி இருக்கு நானா, எனக்காகப் போடுங்க எண்டு அவ கேட்டிருந்தா, நான் மாட்டன் எண்டு சொல்லியிருப்பன். சண்ட புடிச்சிருப்பன். பிறகு வேற வழி ஒண்டு பாத்திருப்பன். ஜெயரட்ணத்திட்டக் கேட்டிருப்பன், கடையில ஒரு பங்க வித்திருப்பன். அவ என்னக் கேக்கவே இல்ல, ரம்லா."

எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. உன் பணக் கஷ்டம் எனக்குத் தெரியும், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஜூன் கடிதத்தில் "இல்லை என்றும் நான் எழுதவில்லை" என்று எழுதினாயே, அதை நீ எழுதியிருக்கக் கூடாது. உன்னைவிடக் குறைவாகப் படித்தவள் நான். எனக்கே அது கூசியது.

எட்டு வருடம் நானும்தான் சேர்த்தேன், ரினோசா. எனக்கும்தான் போக வேண்டும்.

மகளுக்கு என் அன்பு. நோன்பு பிடிக்க ஸஹருக்கு எழும்பும்போது எங்களுக்கும் துஆச் செய்.

ரம்லா மதினி


பிளாக்டவுன்
22 ஜூலை 2013

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் உடம்புக்கும் மனதுக்கும் அல்லாஹ் சுகத்தைத் தரட்டும்.

மதினியின் கடிதம் கிடைத்து ஒரு வாரம் ஆகிறது. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் நான் கணவன் இல்லாதவள், வாடகை வீட்டில் இருப்பவள் என்று வந்துவிட்டது. அதெல்லாம் உண்மை. ஆனால் அதை முதலில் எழுதினால் பிறகு எழுதுவதெல்லாம் சாட்டுப் போல ஆகிவிடுகிறது. அதனால் அதை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

வட்டி ஒப்பந்தத்தின் பதினேழாம் பக்கத்தில் இருந்தது. நான் கண்டேன். உங்களுக்கான சுருக்கத்தில் பதினாறாம் பக்கத்தையும் பதினெட்டாம் பக்கத்தையும் எழுதினேன். பதினேழை எழுதவில்லை. மறந்துபோகவில்லை. அந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டுப் போய்ச் சோறு ஆக்கினேன், திரும்பி வந்து அடுத்த பக்கத்திலிருந்து தொடங்கினேன்.

நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். அதற்குப் பதில் போல ஒன்றை எழுதி, பொய் எழுதவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கட்டடம்தான் கடனாளி என்று எழுதியபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, நன்றாக எழுதிவிட்டேன் என்று. உங்கள் ஹஜ்ஜை வைத்து நான் பகிடி விட்டிருக்கிறேன். இப்போது அந்த வரியைத்தான் நினைத்து நினைத்து எனக்கு உறக்கமில்லை.

நான் உங்களைக் கேட்கவே இல்லை என்று மதினியிடம் சொன்னீர்களாம். கேட்டால் நீங்கள் மறுப்பீர்கள் என்று பயந்தேன். மறுத்த பிறகு வேறு வழி பார்ப்பீர்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் அப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாமலா? தெரியும். ஆனால் அந்த வழியில் நான் உங்களிடம் கை நீட்டியவளாக இருந்திருப்பேன். ஒப்பந்தத்தில் நான் உங்களுக்கு வழி காட்டியவளாக இருந்தேன். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது. இதை எழுதிப் பார்க்கும்போது மிகவும் சின்னத்தனமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

இரண்டாம் நிரலை இனி என் வாடகையிலிருந்து நான் கட்டுகிறேன். பாக்கியும் தண்டமும்கூட. கவுன்சிலைக் கேட்டேன், யார் கட்டினாலும் ஏற்றுக்கொள்வார்களாம். ஆனால் உங்களைக் கேட்காமல் இன்னொன்றையும் நான் செய்யப் போவதில்லை. ஆகவே கேட்கிறேன். கட்டட்டுமா?

நான் கட்டினால் உங்கள் கை சுத்தமாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. அதெல்லாம் மௌலவிக்கும் உங்களுக்கும் தெரிந்தது. நீங்கள் போக வேண்டும். மதினி போக வேண்டும். அதற்கு நான் தடையாக இருக்கிறேன் என்பதைத் தாங்க முடியவில்லை.

மன்னித்துக்கொள்ளுங்கள், நானா.

ரினோசா


(அச்சிட்டுப் பிரதியெடுத்த ஒரு தாள். பெயர் மட்டும் பேனையால் நிரப்பப்பட்டிருந்தது. கையெழுத்துக்குக் கீழே மீதி இடம் முழுவதும் நானாவின் கையால் எழுதியது.)

நோபல் பார்க்
18 செப்டெம்பர் 2013

பேரன்புக்குரிய ரினோசா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

வல்ல இறைவனின் நாட்டப்படி நானும் என் மனைவியும் இம்மாதம் 25ஆம் திகதி புனித ஹஜ் கடமைக்காகப் புறப்படுகிறோம். எங்கள் சொல்லாலோ செயலாலோ தங்கள் மனம் வருந்தும்படி ஏதும் நடந்திருந்தால் அல்லாஹ்வுக்காக எங்களை மன்னித்துவிடுங்கள். கொடுக்கல் வாங்கலில் ஏதும் நிலுவை இருப்பின் புறப்படுமுன் அறியத்தாருங்கள். எங்களுக்காக துஆச் செய்யுங்கள்.

எம். ஹசன், ரம்லா ஹசன்

ரினோசா, இது அறுபது பேருக்கு அடித்தது. ஜெயரட்ணத்துக்கும் சேஷாத்ரிக்கும் இதுதான், உனக்கும் இதுதான். உனக்கு மட்டும் வேறு எழுத உட்கார்ந்தால் நான் பிளேனைத் தவற விட்டுவிடுவேன்.

பாக்கியையும் தண்டத்தையும் ஆகஸ்டில் நானே போய்க் கட்டினேன். கையெழுத்து என்னுடையது, ஆகவே கட்டுவதும் நான்தான். ப்ரீத்தி எழும்பி வந்து "தேங்க்ஸ் அங்கிள்" என்று சொன்னது. அதற்கு ஏன் நன்றி என்று எனக்கு விளங்கவில்லை.

மேல்மாடி வாடகையைத் தொடாதே, அது உன் பிள்ளைக்கு. இனி உனக்குக் காசு தேவைப்பட்டால் காசு தேவை என்று எழுது. அதற்கு முப்பத்தெட்டுப் பக்கம் தேவையில்லை.

மன்னிப்பு கேட்டிருந்தாய். அங்கே போகிறவன் யார் மீதும் மனதில் ஒன்றையும் வைத்துக்கொண்டு போகக் கூடாதாம். ஆகவே 25ஆம் திகதிக்குள் முடித்தாக வேண்டும். முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். அதிகம் மிச்சமில்லை.

அடுத்த தவணை இம்மாதம் 30ஆம் திகதி. நான் அப்போது இங்கே இருக்க மாட்டேன். காசை உன் கணக்கில் போட்டிருக்கிறேன், நீ கட்டிவிடு. இரண்டு நிரலும் சேர்த்து, முழுதாக. ரசீதை எனக்கு அனுப்ப வேண்டாம்.

நானா